சுண்ணாம்புக் கோடு

என்னை ஆச்சி என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆச்சி என்றால் பல் போன கிழவி. முதல் நாளே அப்படிக் கூப்பிட்டதும் எனக்குச் சுருக்கென்றது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அன்று முழுக்க வேலை செய்தேன். செட்டிநாட்டுப் பக்கம் பெண்பிள்ளைகளை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. "ஆச்சி, இங்க ஒரு எழுத்து எகிறியிருக்கு பாருங்க" என்பார். தோட்டத்துப் பெண்ணை வாங்க, போங்க என்று பேசிய அதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னாலும் அதிகம் பார்க்கவில்லை.

ஜப்பான்காரன் காலம் அது. ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலையடிவாரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக்கியிருந்தார்கள். இந்தியாவுக்கு விடுதலை வாங்கித் தரப் போகிறோம் என்று இங்குள்ள நம் ஆட்களைச் சேர்த்துக் கட்டிய படை. அதில் அவர் சட்ட அதிகாரி. சிப்பாய் ஒருவன் தப்பு செய்தால், அது எந்த விதியில் வரும், என்ன தண்டனை என்று பார்த்து விசாரணையில் எடுத்து வைக்க வேண்டியது அவர் வேலை. சண்டைக்கு முன்னால் ஈப்போ கோர்ட்டில் வக்கீல். அதற்கும் முன்னால், மதராஸில் காலேஜ் படித்தபோது, பெயர் போன ஓட்டக்காரராம். கால் மைல் ஓட்டம்.

நான் அவருடைய டைப்பிஸ்ட். அப்பா ஏழாங்கட்டைத் தோட்டத்தில் டிரசர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து, பிரசவம், பிணம் எல்லாமே அவர் பொறுப்பு. மகள் பால்மரக் காட்டுக்குப் போகக்கூடாது என்று டைப்பிங் படிக்க வைத்தார். படித்து முடிக்கவும் ஜப்பான்காரன் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. முகாமில் உருப்படியாக ஓடிய டைப்ரைட்டர் ஒன்றே ஒன்று, அது எங்கள் அறையில் இருந்தது. அதனால் சட்டக் காகிதம் மட்டுமல்ல, லீவுச் சீட்டு முதல் சமையல்கட்டுப் பட்டியல் வரை என் மேஜைக்குத்தான் வரும்.

காலையில் நான் போகும்போது அவர் திடலில் ஓடிக்கொண்டிருப்பார். சாப்பாடு ஒருவேளை மரவள்ளிக்கிழங்கு, ஒருவேளை கஞ்சி என்று ஆன பிறகும் ஓடினார். வெறுங்கால். ஓட்டத்துக்கென்று ஆணி வைத்த சப்பாத்து ஒரு ஜோடி அவரிடம் இருந்தது, ஆனால் அது அலுவலகச் சுவரில் தொங்கும். திடலைச் சுற்றி அவரே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். மழையில் அழிந்தால் மறுநாள் மறுபடி போடுவார். காவலுக்கு நிற்கும் சிப்பாய்கள் சிரிப்பார்கள்.

"ஐயா, யாருமே கூட ஓடல, நீங்க மட்டும்தான ஓடுறீங்க. எதுக்குலா கோடு?"

"ஆள் இல்லேன்னா கோடு வேண்டாமா?" என்பார், மூச்சு வாங்காமல்.

அவருக்கு எல்லாமே அப்படித்தான். அரிசிக்கு வரிசை நின்றால் அதிகாரி முன்னால் போகலாம். இவர் கடைசியில் போய் நிற்பார். அதிகாரிகளுக்கு மாதம் ஒரு தடவை கொஞ்சம் சீனி வரும். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்துப் பார்த்து, எடை கூட இருந்தால் திருப்பி அனுப்புவார். குறைவாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். சண்டைக் காலத்தில் சீனியைத் திருப்பி அனுப்புகிற ஆளைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எனக்கும் அவர் மேல் கோபம் வந்ததுண்டு. ஒரு சிப்பாய் தன் போர்வையை விற்றுவிட்டான். வீட்டில் மூன்று குழந்தைகள், கிழங்குக்குக்கூட வழியில்லை. படைச் சொத்தை விற்ற குற்றம். இவர் நினைத்திருந்தால் காணாமல் போய்விட்டது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. நின்று நிதானமாக விதியை வாசித்து, அவனுக்குப் பதினான்கு நாள் அடைப்பு வாங்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டுபோய் அவன் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு அவர விட்டிருக்கலாம்ல சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"அது வேற, இது வேற ஆச்சி. போர்வை என்னோடது, கொடுக்கலாம். சட்டம் என்னோடதா?"

கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டேதான் அந்தத் தீர்ப்பை டைப் அடித்தேன். அந்த வாரம் முழுக்க மழை. அவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கினார் என்று காவல்காரர் சொன்னார்.

சுவரில் தொங்கிய சப்பாத்தைப் பற்றி ஒருநாள் கேட்டேன். அதைப் போட்டுக்கொண்டு ஓடி ஜெயித்தீர்களா என்று.

"முதல்ல வந்தேன். ஜெயிக்கல."

கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே மிச்சத்தைச் சொன்னார். காலேஜ்களுக்கு இடையே நடந்த பந்தயம். கடைசி வளைவில் அவருடைய இடது கால் பக்கத்துக் கோட்டை மிதித்துவிட்டது. நடுவர் பார்க்கவில்லை, பின்னால் வந்தவனும் பார்க்கவில்லை. ஓடி முடித்து, ஆட்கள் தோளில் தூக்க வந்தபோது இவர் நேரே நடுவரிடம் போய், நான் கோட்டை மிதித்துவிட்டேன் என்று சொன்னாராம். மெடல் இரண்டாவதாக வந்தவனுக்குப் போய்விட்டது. அதைப் பார்க்கத்தான் ஊரிலிருந்து ரயிலேறி அவருடைய அப்பாவும் வந்திருந்தார்.

"எங்க அப்பச்சிக்கு ஆத்திரம். வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னடா போச்சுன்னாக. ரெண்டு வருசம் எங்கிட்டப் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் பேசினாக. ஒரு பெரிய வியாபாரி என்னமோ கேட்டதுக்கு, எம்மகன் சொன்னா அது மெய்யா இருக்கும்னு சொன்னாக. அன்னையிலேர்ந்து சரியாப் போச்சு."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. மெடலை விட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை மாற்றினான். அவன் நாட்டில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி. எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னான். ஈப்போ டவுன் மாறிக்கொண்டது. தோட்டம் மாறவில்லை. பெரட்டு என்று ஆட்களை விடிகாலையில் கணக்கெடுக்கக் கூப்பிடும் மணி பழையபடிதான் அடித்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் 'நம்ம நேரம்', 'ஜப்பான் நேரம்' என்று இரண்டு நேரம் இருந்தது. பிள்ளை பிறந்தது, செத்தது எல்லாமே நம்ம நேரம். ஜப்பான் நேரம் ஆபீஸ் சுவரோடு சரி.

அதனால் முகாமில் ஓர் உத்தரவு இருந்தது. எந்தக் காகிதத்திலும் மணி எழுதினால் பக்கத்தில் 'டோக்கியோ நேரம்' என்று எழுத வேண்டும். சார் என்னிடம் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். "மணியை எழுதினா எந்த மணின்னு எழுதிருங்க ஆச்சி. நம்ம பிள்ளைங்க தோட்டத்துப் பிள்ளைங்க."

அந்தச் சமயத்தில் ரிப்பன் கிடைக்கவில்லை. இருந்த ஒன்று மங்கி மங்கி, அடித்த எழுத்து கண்ணுக்கே தெரியாத நிலை. பெரிய காகிதங்களுக்காவது மை மிஞ்சட்டும் என்று, லீவுச் சீட்டில் நான் அந்த இரண்டு சொல்லை விட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு வாரம் அப்படி அடித்தேன். வாங்கிப் போனவர்களெல்லாம் டவுன்காரர்கள், சரியாகத் திரும்பி வந்தார்கள். ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன்.

எட்டாவது நாள் முனியாண்டி வந்தான். படையில் சேருவதற்கு முன்னால் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவன், எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆள்தான். பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது என்று என் அப்பாவே ஆளனுப்பியிருந்தார். முகாம் அதிகாரி கையெழுத்துப் போட்டார், நான் சீட்டைக் கொடுத்துப் படித்துக் காட்டினேன்.

"நாளைக் காலையில ஆறு மணிக்குள்ள வந்துரணும் முனியாண்டி."

"ஆறுக்கு முன்னயே வந்துருவேன் அக்கா," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ஆண் பிள்ளை பிறந்தது. அதைப் பார்த்துவிட்டு, பெரட்டு மணியைக் கேட்டுக் கிளம்பி, நடையும் ஓட்டமுமாக ஏழு மைல் வந்து, ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முகாம் வாசலில் நின்றான். நம்ம நேரம். வாசல் கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து. அவனுடைய கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற ரயில் ஏழுக்கே போய்விட்டது. பர்மாச் சண்டைக்குப் போகும் ரயில் அது. அதைத் தவறவிட்டவன் ஓடிப்போனவன். ஓடிப்போனவனுக்குச் சுட்டுக் கொல்வதுதான் தண்டனை. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் எங்கள் சார்.

முனியாண்டி சொன்னதைக் கேட்டுக்கொண்ட சார், "கால் சொல்லட்டும்" என்றார். எந்த வழக்கிலும் தூரம் வந்தால் அவர் சொல்லுவது அதுதான். காகிதத்தில் இருக்கிற மைலை நம்பமாட்டார், தானே நடந்து பார்ப்பார். தோட்டத்துக்குப் போய் ஓர் இரவு தங்கி, பெரட்டு மணி அடித்ததும் வெறுங்காலோடு கிளம்பி வந்தார். வாசலுக்கு வந்தபோது நம்ம நேரம் ஆறுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"அவன் சொன்னது மெய்தான்," என்று காலைத் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டு சொன்னார். "சீட்டுல டோக்கியோ நேரம்னு இருந்தா அவன் படிக்காதது தப்பு. இல்லேன்னா சீட்டு மேல தப்பு. வாசல்ல வாங்கி வச்ச சீட்டு எங்க இருக்குன்னு பாருங்க ஆச்சி."

நான் போகவில்லை. அவரே போய் எடுத்து வந்தார். விளக்கடியில் வைத்துப் பார்த்தார், விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரிப்பன் எப்பேர்ந்து மங்கியிருக்கு?"

"பத்துப் பன்னெண்டு நாளா சார்."

"ம்" என்றார். சீட்டைக் கோப்புக்குள் வைத்துக் கட்டினார்.

அன்று நான் தோட்டத்துக்குப் போய் அப்பாவிடம் அழுதேன். ஜப்பான் நேரத்தை எழுதாமல் விடுவது வெறும் மறதி இல்லை. அவர்கள் கண்ணுக்கு அது அவமரியாதை. அதற்கு ஆட்களைக் கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்பது ஈப்போவில் எல்லாருக்கும் தெரியும். அப்பா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கேட்டா மட்டும் பதில் சொல்லு. நீயா வாயத் திறந்துராத. என்னம்மா, கேக்குதா?"

கேட்டது. ஆனால் நான் வாயைத் திறக்காவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? தன் காலையே காட்டிக் கொடுத்த மனிதர் என் கையை விடுவாரா? போர்வை விற்றவனை விட்டாரா? முனியாண்டி பிழைக்க வேண்டுமென்றால் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டைக் காட்டினால் நான் மாட்டுவேன். இதற்கு நடுவே அவருக்கு வேறு பாதை இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.

விசாரணை பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறையில் நடந்தது. தலைமை வகித்த மேஜர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. அதனால் எல்லாம் இங்கிலீஷில். முனியாண்டிக்காக அதை வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டியவள் நான். ஜன்னலோரம் ஜப்பான் அதிகாரி ஒருவர் வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சார் நடந்ததை எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். தோட்டத்து மணியைச் சொன்னார், தான் நடந்து வந்த நேரத்தைச் சொன்னார். பிறகு சீட்டை மேஜை மேல் வைத்தார். மேஜர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதை டைப் அடித்தது யார் என்று கேட்டார்.

அறையில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுந்தேன். நிஜமாகவே சொல்லத்தான் எழுந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. ஏனென்றால் அதற்குள் சார் பேசிவிட்டார்.

"அடித்தது இந்தப் பெண். அப்படி அடிக்கச் சொன்னது நான். ரிப்பனை மிச்சம் பிடிப்பதற்காக அந்த இரண்டு சொல்லை விட்டுவிடும்படி உத்தரவு போட்டேன். தவறு என்னுடையது."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, மொழிபெயர்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார். முனியாண்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன். அவர் சொன்ன பொய்யை முழுசாகத் தமிழில் சொன்னேன். 'தவறு என்னுடையது' என்பது வரைக்கும் சொன்னேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

ஜப்பான் அதிகாரி எழுந்து வந்தார். சாரை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். ஒன்றல்ல, பல. ஓட்டத்துக்கு நிற்பவர் போல் சார் நேராக நின்றார். உதட்டில் ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. முனியாண்டி மேல் இருந்த குற்றம் விழுந்துவிட்டது. அவனைச் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள். சண்டை முடிகிற வரை அங்கேயே விறகு பிளந்தான், அதனால் உயிரோடு வீட்டுக்குப் போனான். சாருடைய தோள்பட்டைச் சின்னத்தை அங்கேயே பிய்த்தார்கள். சாதாரணச் சிப்பாயாக அடுத்த ரயிலில் பர்மாவுக்கு என்று உத்தரவானது.

கிளம்புகிற அன்று ஸ்டேஷனுக்குப் போனேன். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. சப்பாத்தை என் கையில் கொடுத்து, "அங்க இது எதுக்கு? இங்க இருக்கட்டும்" என்றார்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? நீங்க பொய்யே சொல்லமாட்டீங்களே."

"சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கிச்சு ஆச்சி," என்றார். சிரிக்கப் பார்த்தார், உதடு விடவில்லை. "அவனைக் காப்பாத்த ஒங்களக் கொடுக்கணும்னு விதியில இருந்துச்சு. முடியல."

நான் அழுதேன். ரிப்பனைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டாரா என்று தெரியாது, ரயில் ஊதிவிட்டது. போனவர் வரவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார் என்று திரும்பி வந்த ஒருவன் சொன்னான். ஆற்றோடு போனார் என்று இன்னொருவன் சொன்னான்.

சண்டை முடிந்து கப்பல் விட்டதும் அவருடைய அப்பா ஊரிலிருந்து வந்தார். செட்டியார்கள் தங்குகிற கிட்டங்கியில் இறங்கி, மகனைப் பற்றித் தெரிந்தவர்கள் யார் யார் என்று விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு. சாருக்கு இருந்த அதே நீண்ட கால்கள். என் அப்பா நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"ஆச்சி, நீங்கதான் எம்மகன்கிட்ட வேலை பார்த்தீகளாம்," என்றார். "பதவியப் பறிச்சு அனுப்பிச்சாகன்னு சொல்றாக. எழுத்தக் குறைக்கச் சொல்லி அவன் போட்ட உத்தரவால ஒரு பிள்ளை சாக இருந்துச்சாம்ல. மெய்யா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

கிழவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. தானே தலையை ஆட்டிக்கொண்டார். "மெய்யாத்தான் இருக்கும். எம்மகன் பொய் சொல்லமாட்டான். அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்னா, செஞ்சுதான் இருப்பான்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உங்கள் மகன் பொய் சொன்னார் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அவருக்குத் தன் மகன் திரும்பக் கிடைத்திருப்பான். நான் உள்ளே போய்ச் சப்பாத்தை எடுத்து வந்து கொடுத்தேன். இதையா இத்தனை நாள் வச்சிருந்தீக என்று கேட்டு, எனக்கு நன்றி சொல்லி, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.